செல்லும் வாக்கு: திருவிதாங்கூர் உத்தியோகமும் அதன் வாசல்களும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் ராஜா கேசவதாஸ் என்பது இந்நகரத்துப் பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் தலைமையிடம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நகர்ந்தது. அரண்மனையும் கோயிலும் படையும் ஓரிடத்தில் சேர்ந்தால் அத்தனை பேருக்கும் சோறு வேண்டும். கரமனையாற்றுக்கும் கிள்ளியாற்றுக்கும் பாலம் அமைத்து, நாஞ்சில் நாட்டு நெல் கிழக்குக் கோட்டைவாசல்வரை வந்து சேர வழிசெய்து, அவ்வழியின் முனையில் சந்தையையும் நிறுவினார் அவர். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. திறமையான நிருவாகி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அத்திறமை அரசரின் கண்ணில் எப்படிப் பட்டது என்பதுதான் என் கேள்வி.

பிறப்பால் அவர் கேசவ பிள்ளை. 1745-இல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கும் விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்தவர். போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மரைக்காயருக்கு அரண்மனையோடு வணிகத் தொடர்பு உண்டு. அவருடன் சென்ற இளைஞன் அரண்மனையில் தங்க நேர்ந்தது. விடியற்காலையில் அரசர் கண்விழித்து முதலில் கண்டது இந்த ஏழைப் பையனின் முகத்தை என்றும், அபசகுனம் என்று அவனைக் காவலில் வைத்தார் என்றும், அன்றே நற்செய்தி ஒன்று வந்ததால் அவனை வரவழைத்துப் பணியில் அமர்த்தினார் என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. நடந்ததா, இல்லையா என்பது எனக்கு முக்கியமன்று. ஓர் அலுவலரின் எழுச்சியை விளக்க மக்கள் நினைவு எதைத் தேர்ந்தெடுத்தது என்பதே முக்கியம். அவன் கணக்கில் வல்லவன் என்பது கதையின் தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் கதையை நகர்த்துவது கணக்கன்று. முதலில் மரைக்காயரின் அறிமுகம், அடுத்து அரசரின் பார்வை.

அவர் ஏறிய படிகளின் பெயர்களும் இதையே சொல்கின்றன. ராயசம் என்பது அரசரின் கடிதங்களை எழுதும் பணி. சம்பிரதி என்பது தலைமைக் கணக்கும் செயலர் வேலையும் கலந்த பதவி. இரண்டுமே அரசரின் செவிக்கும் கைக்கும் அருகில் இருக்கும் பதவிகள். நாட்டின் எல்லையில் வரி தண்டும் காரியக்காரர் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் அந்த உழைப்பு ஓலையில் ஒரு வரியாகத்தான் அரசரை அடையும். ராயசக்காரரோ அவ்வரியைப் படித்துக் காட்டுபவர். 1789-இல் கேசவ பிள்ளை முதன்மை அமைச்சரானார். தளவாய் என்ற பழைய பெயருக்கு மாறாகத் திவான் என்று முதலில் அழைக்கப்பட்டவர் அவர்தான் என்பர். திப்பு சுல்தானின் படையெடுப்புக் காலம் அது. அவருடைய தகுதி சோதிக்கப்பட்டது, தேறியது.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: செல்வாக்கு. செல்லும் வாக்கு, அதாவது செலாவணியாகும் சொல். நாணயம் செல்லும், செல்லாது என்கிறோமே, அதே 'செல்'. மலையாளத்தில் இப்பொருளுக்குச் சுவாதீனம் என்ற சொல்லும் பிடிபாடு என்ற சொல்லும் வழங்குகின்றன; முன்னது தன்வயப்படுத்தலையும் பின்னது கைப்பிடியையும் நினைவூட்டும். சிபாரிசு பாரசீகத்திலிருந்து வந்தது; மலையாளத்தில் அது சுபார்ச ஆயிற்று. மூன்று மரபிலும் சொற்களை எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த மண்ணில் அதற்குத் தேவை இருந்திருக்கிறது.

அலுவலர் பதவி உயர்வு பற்றிய இன்றைய ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்படும் நாடு சீனா. அங்கே மாகாணத் தலைவர்கள் மேலேறுவது அவர்கள் ஈட்டிய பொருளாதார வளர்ச்சியாலா, மேலிடத் தொடர்பாலா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. லீ, சோ ஆகியோரின் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை வளர்ச்சியின் பக்கம் நின்றது. விக்டர் ஷீயும் அவருடைய இணையாசிரியர்களும் 2012-இல் எழுதிய கட்டுரை அதை மறுத்து, குழுத் தொடர்பும் கல்வியும் வரி வசூலுமே கட்சிப் படிநிலையில் பயன்பட்டன என்றது. 2015-இல் ஜியா, குடமட்சு, சைம் ஆகிய மூவர் எழுதிய ஆய்வே எனக்குத் திருவிதாங்கூரைப் படிக்கக் கண்ணாடி தந்தது. உச்சநிலைத் தலைவர் ஒருவரோடு முன்பு ஒரே இடத்தில், ஒரே காலத்தில் பணியாற்றியிருப்பதை அவர்கள் தொடர்பு எனக் கொண்டனர். தொடர்பும் செயல்திறனும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, ஒன்றையொன்று நிறைவுசெய்வன என்பது அவர்களின் முடிவு. நல்ல வளர்ச்சியைக் காட்டியவர்களுள்ளும் தொடர்புடையவருக்கே அவ்வளர்ச்சி பதவியாக மாறிற்று. தகுதி வேண்டும், ஆனால் அதை மேலே இருப்பவர் நம்புவதற்கு, முன்பே அறிந்த முகமாகவும் இருக்க வேண்டும்.

ஒரு பணிக்கான நேர்காணலில் என் ஆய்வுத் தலைப்பைக் கேட்பதற்கு முன்பே, 'யாருடைய மாணவர்?' என்று கேட்டார்கள். கேட்டவரிடம் தீய எண்ணம் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. நெறியாளரின் பெயர் தெரிந்தால் என்னை எடைபோடுவது அவருக்கு எளிதாகும், அவ்வளவே. இந்த 'அவ்வளவே'தான் வரலாற்றில் பெரும் வேலை செய்திருக்கிறது.

கேசவதாஸிடம் திரும்புவோம். 1798 பிப்ரவரியில் தர்மராஜா இறந்தார். அடுத்து அரியணை ஏறிய பாலராம வர்மாவுக்கு வயது 16. தகுதி அப்படியே இருந்தது, அதைக் கண்ட கண்தான் மூடிவிட்டது. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி என்பவர் இளைய அரசரின் நம்பிக்கைக்கு உரியவரானார். கேசவதாஸ் அதிகாரம் இழந்தார்; 1799-இல் இறந்தார், நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் அளித்த 'ராஜா' பட்டம் அவரைக் காக்கவில்லை. ஆளைச் சார்ந்த ஏற்றம் அந்த ஆளோடு முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜயந்தனுக்கு எதிராக மக்களைத் திரட்டி 1799-இல் தலைநகரை நோக்கி வந்தவர் தலக்குளத்து வேலுத்தம்பி. கூட்டத்தின் வலிமையால் உள்ளே வந்தவர் என்ற வகையில் அவர் தனி. ஆனால் தளவாய் ஆனதும் அவருக்கும் ஒரு புதிய வாசலின் தயவு தேவைப்பட்டது: ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே. தொடக்கத்தில் மெக்காலேயின் ஆதரவு இருந்தது. அது முறிந்தபோது 1809-இல் குண்டறை விளம்பரமும், தோல்வியும், அவருடைய மரணமும். இதற்குப்பின் திருவனந்தபுரத்தில் எந்தத் திவானும் அரண்மனை ஒன்றை மட்டும் நம்பிப் பதவியில் இருக்க இயலவில்லை. 1811 முதல் 1814 வரை ரெசிடெண்ட் மன்றோவே திவானாகவும் இருந்தார் என்பதை நினைத்தால் வாசல் எங்கே மாறிவிட்டது என்பது விளங்கும்.

1817-க்குப் பிந்திய திவான்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ரெட்டி ராவ், வெங்கட ராவ், சுப்ப ராவ், ரங்க ராவ், மீண்டும் சுப்ப ராவ், கிருஷ்ண ராவ், மீண்டும் ரெட்டி ராவ், சீனிவாச ராவ், மீண்டும் கிருஷ்ண ராவ், மாதவ ராவ். 1872 வரை, 55 ஆண்டுகள், ஒரே பின்னொட்டு. இவர்களுள் பலர் தஞ்சை, கும்பகோணப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். இதை ஒரு சதியாக விளக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னை மாகாணத்தின் வருவாய்க் கச்சேரிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மராட்டியும் அலுவல் மொழியாக இருந்தது. அம்மொழியில் கணக்கும் கடிதமும் எழுதத் தெரிந்தவர் யார்? அப்பாவிடமும் மாமாவிடமும் கற்றவர்தாம். பிரைக்கன்பர்க் குண்டூர் மாவட்டம் பற்றி எழுதிய 1965-ஆம் ஆண்டு நூலில், தேசஸ்த மராட்டியக் குடும்பங்கள் கச்சேரிகளைத் தம் உறவு வலைக்குள் வைத்திருந்த விதம் விரிவாக வருகிறது. ஆங்கிலேய அதிகாரி தனக்குத் தெரிந்த குமாஸ்தாவை நம்பினார். குமாஸ்தா தனக்குத் தெரிந்த மருமகனைக் கொணர்ந்தார். மொழியறிவு என்ற உண்மையான தகுதி, உறவு என்ற வாய்க்கால் வழியாகவே பாய்ந்தது. இரண்டையும் பிரித்து அளக்க முடியாது. மொழியியல் படித்துவிட்டு வரலாற்றுக்கு வந்தவன் என்பதால் இந்த இடத்தில் சற்று அதிகமாகவே நிற்கிறேன் போலும்.

ஆசிரியர் பதவி இன்னொரு வழி. தஞ்சாவூர் சுப்ப ராவ் சுவாதித் திருநாளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். 1829-இல் சுவாதி ஆட்சிப் பொறுப்பேற்றார். 1830-இல் சுப்ப ராவ் திவான். கிருஷ்ண ராவின் கதை வேறு: அவருக்கு ரெசிடெண்ட் கல்லனின் ஆதரவு. தனக்கு உவப்பில்லாத ஒருவரைத் திவானாக ஏற்க நேர்ந்த மனக்கசப்பு சுவாதித் திருநாளின் கடைசி ஆண்டுகளை வாட்டியது. கீர்த்தனங்களால் நாம் நினைவுகூரும் அந்த அரசருக்கு, தன் தலைமை அலுவலரைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை.

மாதவ ராவிடம் எல்லா வாய்க்கால்களும் வந்து கூடுகின்றன. 1828-இல் கும்பகோணத்தில் பிறந்தவர். தந்தை ரங்க ராவும் பெரிய தந்தையார் வெங்கட ராவும் மேற்சொன்ன பட்டியலில் உள்ளவர்களே. சென்னையில் பவல் துரையிடம் படித்து முதல்தர மாணவராகத் தேறினார். 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியர். பின்பு திவான் பேஷ்கார். ஏறத்தாழ 30 வயதில் திவான். குடும்பம், ஆங்கிலக் கல்வி, அரண்மனை ஆசிரியப் பணி, ரெசிடெண்டின் நன்மதிப்பு ஆகிய நான்கும் அவருக்கு வாய்த்தன. அதோடு வேலையும் தெரிந்தது. கடனில் கிடந்த கருவூலத்தை மீட்டார். 1872-இல் தம் பழைய மாணவரான ஆயில்யம் திருநாளோடு பிணக்கு ஏற்பட்டு வெளியேறினார். அவருக்குப்பின் வந்தவர் யார்? சேஷையா சாஸ்திரி, பவலின் மாணவர். 1880-இல் விசாகம் திருநாள் அரசரானதும் வந்த ராமையங்காரும் பவலின் மாணவர். மராட்டிக் கச்சேரியின் இடத்தை ஆங்கில வகுப்பறை பிடித்துக்கொண்டது. மாமன் மருமகன் உறவு, ஒருசாலை மாணாக்கர் உறவாயிற்று. இடையில் 1877 முதல் 1880 வரை திவானாக இருந்த நாணு பிள்ளை உள்ளூர் நாயர். அவருமே கல்லனின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வளர்ந்தவர்.

இவ்விடத்தில் பழைய சீனத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேர்வில் வென்றவர் தம்மைத் தேர்ந்த அதிகாரியைக் குருவாகக் கருதி ஆயுள்வரை கடன்பட்டிருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. இந்தப் பிணைப்பைத் தளர்த்தவே 973-இல் சோங் வம்சத்துப் பேரரசர் தைசு தாமே அரண்மனைத் தேர்வு நடத்தத் தொடங்கினார் என்பர்: வென்றவர் அனைவரும் இனி பேரரசரின் மாணவர். சிங் வம்ச ஆட்சியிலோ சொந்த மாகாணத்தில் எவரும் பதவி வகிக்கக் கூடாது என்ற விலக்கு விதி கடுமையாகக் காக்கப்பட்டது. உறவினர் கூட்டம் சூழாத அந்நியனே நடுநிலையாளன் என்பது அதன் தருக்கம். திருவிதாங்கூரில் அப்படி எழுதப்பட்ட விதி இல்லை. எனினும் நாயர் பிரபுக் குடும்பங்களின் வலைக்குள் அகப்படாத வெளியூர்த் திவானை விரும்பியதில் ரெசிடெண்டுகளுக்கும் அரசர்களுக்கும் அதே கணக்கு இருந்தது. சிங் அலுவலர் சில ஆண்டுகளில் வேறு மாகாணத்துக்குப் போய்விடுவார். திருவனந்தபுரத்துக்கு வந்தவர்களோ கரமனையிலும் கோட்டைக்குள்ளும் குடியமர்ந்தார்கள். அவர்களோடு எழுத்தர்கள் வந்தார்கள், எழுத்தர்களின் பிள்ளைகள் வந்தார்கள். உள்ளூர் வலையை அறுக்கக் கொணர்ந்த கத்தியின் பிடியிலேயே இன்னொரு வலை சுற்றியிருந்தது.

அந்த வலைக்கு எதிரான முதல் பெரிய எழுத்துச் சான்றுதான் 1891 ஜனவரியில் ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியல். 10,028 கையொப்பங்கள். கே. பி. சங்கர மேனன், ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, நாவலாசிரியர் சி. வி. ராமன் பிள்ளை ஆகியோர் அதன் பின்னணியில் நின்றவர்கள். நாட்டின் உயர்பதவிகள் வெளிநாட்டாராகிய பரதேசிப் பிராமணர் கையில் இருக்கின்றன, படித்த மலையாளிகள் வாசலில் நிற்கிறார்கள் என்பது அதன் சாரம். 'பரதேசி' என்ற சொல்லைத் தமிழர் கேட்டால் பிச்சைக்காரர் என்ற வசையாகவே படும். மலையாளத்தில் அது பிறநாட்டவர் என்னும் நேர்ப்பொருளை இழக்கவில்லை. மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பள்ளியை நினைத்துக்கொள்க. ஒரே சொல் ஒரு காதில் விவரிப்பாகவும் மறு காதில் ஏச்சாகவும் விழுந்த நிலை அந்த விவாதத்தின் வெப்பத்தைக் கூட்டியிருக்க வேண்டும். தலைமுறைகளாக இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் எப்படி அந்நியர் என்று கேட்டு அதே ஆண்டில் எதிர் விண்ணப்பம் ஒன்றும் சென்றது. அதுவும் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. திருவிதாங்கூரின் தமிழ்த் திவான்களைப் பட்டியலிட்டுப் பெருமை கொள்ளும் பதிவுகள் நம்மிடையே அவ்வப்போது பகிரப்படுகின்றன. பகிர்வோர் இவ்விரு விண்ணப்பங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மெமோரியல்காரர்கள் தொடர்பு என்பதையே எதிர்த்தார்களா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய தொடர்பு செல்லுபடியாக வேண்டும் என்பதே வழக்கு. சி. வி. ராமன் பிள்ளை பின்னாளில் 'தர்மராஜா', 'ராமராஜபகதூர்' என்று இரு பெருநாவல்கள் எழுதினார். இரண்டிலும் கேசவ பிள்ளை உயர்ந்து நிற்கிறார். அரசரின் தனிக் கருணையால் மேலேறிய ஒருவரைத் தகுதியின் உருவமாகப் படைத்ததில் அந்தப் பழைய மெமோரியல்காரருக்கு முரண்பாடு தென்படவில்லை. அரசர் சரியான ஆளைக் கண்டுகொண்டால் அது கருணை. தவறான ஆளைக் கண்டுகொண்டால் அது தயவு. நமக்குச் சான்று தரும் வரலாற்றாசிரியர்களும் இந்த ஆட்டத்துக்கு வெளியே நின்றவர்களல்லர். 1878-இல் திருவிதாங்கூர் வரலாறு எழுதிய சங்குண்ணி மேனன் ஒரு திவான் பேஷ்கார். 1906-இல் வெளிவந்த மாநிலக் கையேட்டை எழுதிய நாகமய்யா தமிழ்ப் பிராமண அலுவலர். எந்தத் திவான் திறமையால் வந்தார், எவர் தயவால் வந்தார் என்று தீர்ப்புச் சொல்லும் வரிகளைப் படிக்கும்போது, எழுதியவர் எந்தப் படியில் நின்று எழுதினார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மெமோரியலில் கையொப்பமிட்டோருள் முன்வரிசையில் இருந்த ஒருவர் டாக்டர் பல்பு. சாலையிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள பேட்டையில், ஈழவக் குடும்பத்தில், 1863-இல் பிறந்தவர். மருத்துவப் பயிற்சிக்கான தேர்வில் தேறியும் திருவிதாங்கூரில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சென்னை சென்று மருத்துவம் படித்துத் திரும்பியபோது அரசுப் பணி மறுக்கப்பட்டது. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. பெங்களூரில் பிளேக் பரவிய காலத்தில் அவர் ஆற்றிய பணி பேர்பெற்றது. மாதம் 5 ரூபாய் ஊதியமுள்ள பதவியில்கூட இங்கே ஈழவர் ஒருவரும் இல்லை, மலபாரிலோ அவர்களின் இனத்தார் உயர்பதவி வகிக்கிறார்கள் என்று 1891 மெமோரியல் சுட்டியிருந்தது. ஈழவர் தம் குலத்தொழில்களிலேயே நிறைவு கொண்டவர்கள் என்ற தோரணையில் அரசின் மறுமொழி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாயர் பட்டதாரிகளுக்குக் கதவுகள் சிறிது சிறிதாகத் திறந்தன. பல்பு தனியே கையொப்பம் திரட்டினார்: 1896-இல் ஈழவ மெமோரியல், 13,176 பேர். பயன் கிட்டவில்லை.

பல்புவைத்தான் இக்கட்டுரையின் மையமாகக் கருதுகிறேன். கேசவ பிள்ளைக்கு ஒரு மரைக்காயர் இருந்தார், மாதவ ராவுக்கு ஒரு பவல் இருந்தார், நாணு பிள்ளைக்கு ஒரு கல்லன் இருந்தார். தொடர்பு தகுதியை நிறைவுசெய்கிறது என்ற சீன ஆய்வின் முடிவைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது பல்புவின் வாழ்க்கை: தகுதி முழுமையாக இருக்கிறது, அதைக் காண்பதற்கு ஊரில் ஒரு கண்ணும் இல்லை. தொடர்பில்லாதவர் என்பது அவருடைய தனிப்பட்ட குறையன்று; எந்த அறிமுகமும் எட்டாத இடத்தில் ஒரு சமூகம் முழுவதையும் சாதி நிறுத்தியிருந்தது. நாயரும் தமிழ்ப் பிராமணரும் வாசலைப் பற்றிச் சண்டையிட்டனர். பல்புவுக்கு அந்தத் தெருவே அடைபட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கதை வேகமெடுக்கிறது. அரண்மனைச் சூழலையும் திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியையும் கடுமையாகத் தாக்கி எழுதிய 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை 1910 செப்டம்பர் 26 அன்று நாடு கடத்தப்பட்டார். 1932-இல் தொடங்கிய நிவர்த்தனப் போராட்டத்தில் ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து, சட்டசபையிலும் அரசுப் பணியிலும் பங்கு கேட்டனர். 1935-இல் கோழஞ்சேரியில் பேசியதற்காகச் சி. கேசவன் சிறை சென்றார். இந்த அழுத்தத்தின் விளைவாகப் பணி நியமனங்களைத் துறைத் தலைவர்களின் விருப்பத்திலிருந்து பிரித்து, சமூகச் சுழற்சி முறையில் நடத்த ஒரு பொதுப்பணி ஆணையரை அமர்த்த அரசு இசைந்தது.

உள்ளூர் உறவுகள் எதிலும் சிக்காத ஒருவர் வேண்டும் என்று தேடினார்கள். 1936-இல் அப்பொறுப்பு ஜி. டி. நோக்ஸ் என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.